கட்டாய இளைப்பாறுதலும் தொழிற்சந்தையும்: ஒரு வரலாற்று நோக்கு

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் இளைப்பாறும் வயதை எய்துவதற்கு முந்திய நாள் மாலையில் எழுதிய கோப்புக் குறிப்புச் செல்லுபடியாகும். மறுநாட் காலையில் அதே மேசைக்கு முன் அவர் அமர்வாராயின் அவர் அக்காரியாலயத்துக்கு அந்நியராவர். ஓர் இரவினுள் அவரது அறிவு தேய்ந்ததுமில்லை, கண்ணொளி மங்கியதுமில்லை. மாறியது நாட்காட்டி ஒன்றே. யாழ்ப்பாணத்து ஊர்களிலே ‘இளைப்பாறிய தலைமையாசிரியர்’, ‘இளைப்பாறிய தபாலதிபர்’ என்னும் அடைமொழிகள் ஒருவரது பெயரோடு பிரிக்கவொண்ணாதவாறு இணைந்து விடுகின்றன. இவ்வழக்குக்குப் பழகிய நமக்கு, அதன் பின்னே நிற்கும் விதி இயற்கை வகுத்த விதியோ எனத் தோன்றுதல் வியப்பன்று. ஆயினும் அது மனிதர் மிக அண்மைக் காலத்தில் வகுத்த விதியாகும். அதனை எந்நோக்கத்துக்காக வகுத்தனர்? முதியவர் எழுந்து சென்ற நாற்காலியில் இளைஞர் ஒருவர் உண்மையில் வந்து அமர்கின்றாரா? இவ்விரு வினாக்களையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உழவனுக்கும் கைவினைஞனுக்கும் சிறு வணிகனுக்கும் இளைப்பாறும் வயதென ஒன்று என்றும் இருந்ததில்லை. உடல் தளருந்தோறும் அவர்கள் வேலையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கொண்டனர். கடும் வேலையை மகனிடம் விட்டுத் தாம் வரம்பில் நின்று வழிகாட்டினர். நிலமும் பட்டறையும் அவர்களுடையனவாக இருந்தமையின் அவர்களை எழுந்து போகுமாறு பணிப்பார் எவருமிலர். இளைப்பாறுதல் ஒரு விதியாக உருப்பெறுதற்கு மூன்று நிலைமைகள் வேண்டும். வேலை பிறருடையதாயிருத்தல் ஒன்று. சம்பளம் முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல் மற்றொன்று. பதவிகள் படிப்படியாக அடுக்கப்பட்டு, மேற்படியில் உள்ளார் நீங்கினாலன்றிக் கீழ்ப்படியில் உள்ளார் ஏறவியலாதிருத்தல் மூன்றாவது. இம்மூன்றும் முதலில் நன்கு பொருந்திய இடம் அரசாங்கக் காரியாலயமே.

பிரித்தானியாவின் சுங்கப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வழக்கம் தோன்றியிருந்தது. முதுமையாற் கடமை செய்யவியலாத உத்தியோகத்தர் விலகிக்கொள்வர். அவரது இடத்தைப் பெற்றவர் தமது சம்பளத்தில் ஒரு பகுதியை அவருக்கு அளித்து வருவர். முதியவரின் ஓய்வும் இளையவரின் வேலையும் அன்றே ஒரே உடன்படிக்கையிற் பிணைக்கப்பட்டிருந்தமை கவனிக்கற்பாலது. பின்னர், 1810ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, அச்செலவை அரசு தானே ஏற்கும் முறை உருவாயிற்று. 1854ஆம் ஆண்டில் நோர்த்கோட், திரெவெலியன் என்னும் இருவர் சமர்ப்பித்த அறிக்கை, செல்வாக்கினால் அன்றிப் போட்டிப் பரீட்சையினாலேயே உத்தியோகத்தர் தெரிவுசெய்யப்படுதல் வேண்டும் என வற்புறுத்திற்று. 1859ஆம் ஆண்டின் சட்டம் இளைப்பாற்றுச் சம்பளத்தை ஒழுங்குபடுத்திற்று. சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சம்பளத்தின் அறுபதில் ஒரு பங்கு, ஆகக்கூடியது அறுபதில் நாற்பது பங்கு என்பது அதன் கணக்கு. நோயினால் இயலாதவர் என்னும் சான்றில்லாதார் 60 வயதுக்கு முன்னர் அதனைப் பெறல் இயலாது.

இவ்விரு சீர்திருத்தங்களும் ஐந்தாண்டு இடைவெளியுள் எழுந்தமை தற்செயலெனக் கொள்ளல் பொருந்தாது. பரீட்சையினால் ஆண்டுதோறும் இளைஞரைச் சேர்க்க வேண்டுமாயின் ஆண்டுதோறும் வெற்றிடங்கள் தோன்றுதல் வேண்டும். முதியவரைக் கைவிட்டோம் என்னும் பழியின்றி அவ்வெற்றிடங்களைத் தோற்றுவிக்கும் கருவியாக இளைப்பாற்றுச் சம்பளம் அமைந்தது. இலங்கையின் அரசாங்க சேவையும் பிரித்தானிய ஆட்சியில் இம்மரபைத் தழுவியே உருவாயிற்று. 55 வயதில் விருப்பின்பேரிலும் 60 வயதிற் கட்டாயமாகவும் இளைப்பாறும் முறையை நம் மூத்த தலைமுறையினர் நன்கறிவர்.

இளைப்பாறும் வயதைப் பற்றிப் பேசுவோர் பலரும் ஜேர்மனியின் பிஸ்மார்க்கையே முதற்கண் சுட்டுவர். 65 என்னும் எண்ணை அவரே வகுத்தார் என்பது பரவலான கூற்று. அது வழுவுடைத்து. 1889ஆம் ஆண்டில் நிறைவேறிய ஜேர்மானியச் சட்டம் முதுமைக் கொடுப்பனவுக்கு விதித்த வயது 70. அது 65 ஆகக் குறைக்கப்பட்டது 1916ஆம் ஆண்டிலாகும். அப்போது பிஸ்மார்க்கு இறந்து 18 ஆண்டுகள் கழிந்திருந்தன. மேலும், அச்சட்டம் எவரையும் வேலையினின்று நீக்கவில்லை; உழைக்கவியலாத முதியோருக்கு ஓர் ஊன்றுகோல் கொடுத்ததே அதன் பயன். சட்டம் நிறைவேறியபோது பிஸ்மார்க்குக்கு வயது 74. அடுத்த ஆண்டில் இளம் பேரரசர் அவரைப் பதவியினின்று விலகச் செய்தமைக்குக் காரணம் வயதன்று, அரசியற் பிணக்கே. 1908ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமும் 70 வயதெய்திய வறியோர்க்கு வாரம் ஐந்து சிலின் வரை வழங்கிற்றேயன்றி எவரையும் வெளியேற்றவில்லை. ஆகவே, முதுமைக்கு உதவுதல் வேறு. முதுமையைக் காட்டி வெளியேற்றுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே இப்பொருளிலே எழும் மயக்கங்களுக்கு மூலகாரணமாகும்.

வெளியேற்றும் விதி கைத்தொழில் உலகில் வேரூன்றியதை ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. பென்சில்வேனியாப் புகையிரதக் கம்பெனி 1900ஆம் ஆண்டில் 70 வயதிற் கட்டாய இளைப்பாறுதலை ஏற்படுத்திற்று. அதனோடு, 35 வயதைக் கடந்தவரைப் புதிதாக வேலைக்குச் சேர்ப்பதில்லை எனவும் விதித்தது. நெடுங்காலம் சேவை செய்யாதவருக்கு இளைப்பாற்றுச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பைத் தவிர்த்தல் கம்பெனிக்கு இலாபம். இவ்வாறு ஒரு வாயிலில் முதியவரை அனுப்பும் விதி, மற்றொரு வாயிலில் நடுவயதினரைத் தடுக்கும் விதியையும் உடன்கொண்டு வந்தது. வேலையிழந்த நாற்பது வயதினர் எங்குச் செல்வர் என்பது அக்காலத் தொழிலாளர் வாழ்விலே பெருந்துயராயிற்று.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியரான வில்லியம் ஒஸ்லர், யோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினின்று பிரியும்போது ஆற்றிய உரை நாடெங்கும் புயலைக் கிளப்பிற்று. உலகின் பயனுள்ள செயல்கள் நாற்பது வயதுக்கு முன்னரே செய்யப்படுகின்றன என்றும், அறுபதைக் கடந்தோராற் பயனில்லை என்றும் அவர் பாதி வேடிக்கையாகக் கூறினார். பத்திரிகைகள் வேடிக்கையை விட்டுக் கருத்தை மட்டும் பற்றிக்கொண்டன. அவ்வுரையை ஆற்றியபோது அவருக்கு வயது 55. அதன்பின் ஒக்ஸ்போர்ட்டிற் பேராசிரியப் பதவியை ஏற்று, 1919ஆம் ஆண்டில் 70 வயதில் இறக்கும்வரை அப்பதவியிலேயே அவர் இருந்தார். அவரது வாழ்வே அவரது உரைக்கு மறுப்பாயிற்று.

1929ஆம் ஆண்டிற்குப் பின் எழுந்த பெரும் பொருளாதார மந்தமே இளைப்பாறுதலுக்குப் புதிய பொருளைத் தந்தது. கோடிக்கணக்கானோர் வேலையின்றித் தவித்தபோது, இருக்கும் வேலையை எவ்வாறு பங்கிடுவது என்பதே தலையாய வினாவாயிற்று. கலிபோர்ணியாவைச் சேர்ந்த பிரான்சிஸ் ரவுன்சென்ட் என்னும் வைத்தியர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டொலர் அளித்தல் வேண்டும். பெறுபவர் வேலையை விட்டுவிடுதலும், முப்பது நாட்களுள் அப்பணத்தைச் செலவழித்துவிடுதலும் நிபந்தனைகளாகும். அத்திட்டம் சட்டமாகவில்லை. ஆயினும் இலட்சக்கணக்கானோர் அதனை ஆதரித்துச் சங்கங்கள் அமைத்தனர். 65 வயதைக் கட்டாய எல்லையாக்கிய 1934ஆம் ஆண்டுப் புகையிரத ஊழியர் சட்டத்தை உயர் நீதிமன்றம் 1935ஆம் ஆண்டிற் செல்லாதெனத் தீர்த்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ரூஸ்வெல்ற் கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், வேலையை விட்ட 65 வயதினருக்குக் கொடுப்பனவை உறுதிசெய்தது. அதன்பின் 65 என்னும் எண் ஆலைகளிலும் காரியாலயங்களிலும் வழக்கமாய் நிலைபெற்றது.

வேலையின்மை நீங்கிய போருக்குப் பிற்பட்ட செழிப்பான ஆண்டுகளிலும் தொழில் அதிபர்கள் இவ்விதியைக் கைவிடவில்லை. அஃதேன் என்னும் வினாவுக்கு 1979ஆம் ஆண்டில் எட்வேட் லசியர் என்னும் பொருளியலறிஞர் ஒரு விளக்கம் தந்தார். பெரிய நிறுவனங்களில் இளமையில் ஊழியர் பெறும் சம்பளம் அவரது உழைப்பின் மதிப்பிற் குறைந்தது. முதுமையிற் பெறும் சம்பளம் அம்மதிப்பின் மிகுந்தது. முன்னர் விட்டுவைத்ததைப் பின்னர் பெறலாம் என்னும் எண்ணமே அவரை ஊக்கத்தோடும் நேர்மையோடும் உழைக்கச் செய்கின்றது. ஆனால், மதிப்பின் மிகுந்த சம்பளத்தை எல்லையின்றிக் கொடுத்தல் எந்நிறுவனத்துக்கும் இயலாது. ஆதலின் அவ்வுடன்படிக்கைக்கு முடிவு நாள் ஒன்று வேண்டியதாயிற்று. இவ்விளக்கத்தின்படி முதியவர் வெளியேற்றப்படுவது அவர் பயனற்றவர் என்பதனாலன்று. மூப்பினால் உயர்ந்த அவரது சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்க இயலாமையாலாம்.

யப்பானின் அனுபவம் இதற்குச் சான்று பகர்கின்றது. ‘தெய்நென்’ எனப்படும் இளைப்பாறும் வயது அங்கு நெடுங்காலம் 55 ஆக இருந்தது. 60க்குக் குறைந்த எல்லையை விதித்தல் ஆகாது என்னும் சட்டம் 1998ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 65 வரை வேலை கிடைக்க வழிசெய்தல் வேண்டும் என்னும் கடமை 2006ஆம் ஆண்டு முதற் படிப்படியாகச் சுமத்தப்பட்டது. நிறுவனங்கள் பலவும் கண்ட வழி யாது? 60 வயதில் ஊழியரை முறைப்படி இளைப்பாறச் செய்து, மறுநாள் குறைந்த சம்பளத்திற்கு அவரையே மீண்டும் அமர்த்திக்கொண்டன. ஆள் அவரே, மேசையும் பெரும்பாலும் அதுவே, குறைந்தது சம்பளமே.

இனி, கட்டாய இளைப்பாறுதலை ஒழித்த நாடுகளில் நிகழ்ந்ததைக் காண்போம். அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் 40 முதல் 65 வரையான வயதினரை வயதுப் பாகுபாட்டினின்று காத்தது. 1978ஆம் ஆண்டில் மேலெல்லை 70 ஆயிற்று. 1986ஆம் ஆண்டில் அவ்வெல்லை பெரும்பாலான தொழில்களில் முற்றாக நீக்கப்பட்டது. அதிற் கையொப்பமிட்ட சனாதிபதி றேகனுக்கு அப்போது வயது 75. பிரித்தானியாவில் 65 வயது எல்லை 2011ஆம் ஆண்டில் நீங்கிற்று. முதியோர் எவரும் விலகார், இளைஞர் நுழைய இடமிராது என அஞ்சியோர் பலர். ஆனால் பெரும்பாலான ஊழியர் சட்டம் மாறிய பின்னரும் தாமாகவே உரிய காலத்தில் விலகினர். இளைப்பாற்றுச் சம்பளமும் உடல்நலமும் குடும்பமுமே அவர்தம் முடிவைத் தீர்மானித்தன.

ஒரு துறையில் மட்டும் அவ்வச்சம் ஓரளவு மெய்யாயிற்று. நிலையான பதவி பெற்ற பல்கலைக்கழகப் பேராசிரியர்க்கு 70 வயது எல்லையை 1993ஆம் ஆண்டின் இறுதிவரை வைத்திருக்கச் சட்டம் இடந்தந்தது. அவ்வெல்லை நீங்கிய பின், 70, 71 வயதினரில் இளைப்பாறுவோரின் விகிதம் 69 வயதினரின் விகிதத்தளவுக்குத் தாழ்ந்தது என அஷென்பெல்ரர், கார்ட் என்னும் அறிஞர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விற் காட்டினர். வேலை இனிதாகவும், பதவி உறுதியாகவும், உடலுழைப்புக் குறைவாகவும் உள்ள இடத்தில் மனிதர் எளிதில் எழுந்திரார் என்பதே இதன் பொருள். பேராசிரியர் எண்ணிக்கை பெருகாத துறையில் ஓர் ஆசனம் நிரம்பியிருக்க, அதற்காகக் காத்திருக்கும் இளம் அறிஞரின் நிலை இரங்கத்தக்கதே.

இங்கு நாம் மூலவினாவை அணுகுகின்றோம். முதியவர் விலகினால் இளைஞருக்கு வேலை கிட்டுமா? ஒரு நாட்டில் உள்ள வேலை ஓர் அளவான அப்பம் போன்றது, ஒருவர் உண்டால் மற்றவருக்குக் குறையும் என்னும் எண்ணத்தைப் போலி நியாயம் என டேவிட் சுலொஸ் என்னும் ஆங்கிலேயர் 1891ஆம் ஆண்டிலேயே கண்டித்தார். வேலை செய்பவர் சம்பளம் பெறுகின்றார், அச்சம்பளத்தைச் செலவிடுகின்றார், அச்செலவு பிறருக்கு வேலையாகின்றது. அவர் விலகின் அவருக்குரிய இளைப்பாற்றுச் சம்பளத்தை உழைப்போரின் வரியே தாங்கல் வேண்டும். பிரான்சு 1982ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் முழு இளைப்பாற்றுச் சம்பளத்துக்குரிய வயதை 65 இலிருந்து 60 ஆகக் குறைத்தது. ஆயினும் அந்நாட்டு இளைஞரின் வேலையின்மை அப்பத்தாண்டிலே தணிந்ததாகக் காணோம். குரூபர், வைஸ் ஆகியோரின் தலைமையிற் 12 நாடுகளை ஆராய்ந்த அறிஞர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும், முதியோரை முன்கூட்டி அனுப்பியதனால் இளைஞர் வேலை பெருகியதற்குச் சான்றில்லை என்றே முடிவு கூறிற்று.

ஆயின் இளைஞரின் மனக்குறை வெறும் மயக்கமோ? அன்று. இத்தாலி 2011ஆம் ஆண்டின் இறுதியில் இளைப்பாறும் வயதைச் சடுதியாக உயர்த்தியது. முதியோர் மிகுதியாகத் தங்க நேர்ந்த நிறுவனங்களில் இளைஞரைச் சேர்த்தல் குறைந்தமையையும், உடனூழியரின் பதவி உயர்வும் சம்பள உயர்வும் தாமதித்தமையையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. நாடு முழுவதும் என நோக்கின் வேலைத்தொகை விரியவும் சுருங்கவும் வல்லது. ஒரு நிறுவனத்தினுள், அதுவும் ஆளணி வரையறுக்கப்பட்ட காரியாலயத்தினுள், ஒருவரின் தாமதம் மற்றொருவரின் தடையே. பொருளியலறிஞர் காட்டை நோக்குகின்றார்; பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் எழுதுவினைஞர் தமக்கு முன் நிற்கும் மரத்தை நோக்குகின்றார். இருவர் காண்பதும் மெய்யே.

இவ்வுண்மை இலங்கைக்கு மிகவும் பொருந்தும். நம் நாட்டிலே கற்றோர் பலரின் நோக்கம் நெடுங்காலமாக அரசாங்க உத்தியோகமே. அங்குப் பதவிகள் எண்ணி வகுக்கப்பட்டவை. ஆதலின் இளைஞர் கண்ணுக்கு வேலை என்பது உண்மையிலேயே அளவான அப்பமாகத் தோன்றிற்று. 1971ஆம் ஆண்டு ஏப்பிரலில் எழுந்த இளைஞர் கிளர்ச்சியின் பின்னணியில், டட்லி சியர்சின் தலைமையில் இங்கு வந்த சர்வதேசத் தொழிற் தாபனத்தின் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக் காட்டிற்று. சிக்கலின் வேர் முதியவரின் நாற்காலியிலன்று, புதிய நாற்காலிகள் செய்யப்படாமையில் உள்ளது என்பதே அதனின்று நாம் கொள்ளத்தக்க பாடம்.

அண்மைய நிகழ்ச்சிகள் இதனை மேலும் விளக்குகின்றன. தனியார் துறையில் 55 வயதில் அனுப்பும் வழக்கமே பரவியிருந்தது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் ஆடவர் 55 வயதிலும் மகளிர் 50 வயதிலும் தம் நிதியைப் பெற இடந்தந்தது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட தாபனங்களில் இளைப்பாறும் மிகக்குறைந்த வயதைப் படிப்படியாக 60 ஆக்கிற்று. அதே ஆண்டு நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அரசாங்க சேவையின் எல்லையை 65 என அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. ஓகஸ்டில் வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டம் அதனை 60 ஆகக் குறைத்தது. அவ்வாண்டு டிசெம்பர் 31ஆந் திகதி 60ஐக் கடந்தோர் பெருந்தொகையாக ஒருங்கே வெளியேறினர். ஓராண்டினுள் 65 ஆகவும் மீண்டும் 60 ஆகவும் மாறியது மனிதரின் ஆற்றலன்று. திறைசேரியின் நிலையும் அரசின் கொள்கையுமே. செலவைக் குறைக்கும் நோக்கிற் புதிய ஆட்சேர்ப்பும் அக்காலத்தில் மட்டுப்படுத்தப்பட்டிருந்தமையின், வெறுமையான நாற்காலி ஒவ்வொன்றிலும் ஓர் இளைஞர் அமர்ந்தாரென்று கொள்ளவும் இயலாது.

இன்னுமொரு சான்று நம் அரசியலமைப்பிலேயே உள்ளது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, உயர் நீதிமன்ற நீதியரசர் இளைப்பாறும் வயதை 65 எனவும், மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர் இளைப்பாறும் வயதை 63 எனவும் வகுத்துள்ளது. 62 வயதில் ஒருவர் கீழ்மன்றிலிருந்து மேல்மன்றுக்கு உயர்த்தப்படுவராயின், அந்நியமனத்தால் அவரது நினைவாற்றல் ஈராண்டு நீண்டதென எவரும் சொல்லார். எண்கள் பதவிக்கு உரியன, மூளைக்கு உரியனவல்ல.

இதனிடையே நாட்டின் வயதமைப்பு மாறிக்கொண்டே வந்துள்ளது. 60ஐக் கடந்தோர் 1981ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் நூற்றுக்கு 6.6 ஆகவும், 2012ஆம் ஆண்டில் 12.4 ஆகவும் இருந்தனர். உழைப்போர் தாங்க வேண்டிய பாரம் பெருகும்போது, உழைக்கவல்ல முதியோரை ஒரே நாளில் ஒதுக்குதல் நாட்டுக்கு இழப்பாகும். மாதாந்தம் சம்பளம் பெறும் அரசாங்க ஊழியரின் இளைப்பாறுதலும், சேமலாப நிதியை ஒரே தொகையாகப் பெற்றுச் செல்லும் தனியார் துறை ஊழியரின் இளைப்பாறுதலும் ஒத்தனவல்ல என்பதையும் மறத்தலாகாது. முன்னவருக்கு அது ஓய்வு. பின்னவர் பலருக்கு அது வேலையின்மையின் மறுபெயர்.

கட்டாய விதிக்கு நன்மையே இல்லை என வாதித்தல் எம் நோக்கமன்று. அது எல்லார்க்கும் ஒரே நீதியாய் நிற்கின்றது. மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடந்தருவதில்லை. ‘உமது திறன் குன்றிவிட்டது’ என்னும் கொடுஞ்சொல்லைக் கேளாமல் ஒருவர் மாலையும் பாராட்டும் பெற்று மதிப்போடு விலக அது வழிசெய்கின்றது. வயதை நீக்கித் திறனையே அளப்போமாயின் அளக்குங் கோல் யார் கையில் இருக்கும் என்னும் வினா எழும். விமானமோட்டிகளுக்குப் போலப் பிறர் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி எல்லை வகுக்கவேண்டிய தொழில்களும் உள. அங்குங்கூட அமெரிக்கா 1959ஆம் ஆண்டில் விதித்த 60 வயது எல்லை 2007ஆம் ஆண்டில் 65 ஆயிற்று.

நாம் வேண்டுவது விதியின் உண்மைப் பொருளை உணர்தலே. அது முதியவரின் தகுதியின்மைக்குத் தீர்ப்பன்று. தலைமுறைகளுக்கிடையே செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கையாயின் அதனைப் படிப்படியாக நிறைவேற்றலாம். முழு நேரப் பணியிலிருந்து பகுதி நேரப் பணிக்கும், நிருவாகப் பொறுப்பிலிருந்து ஆலோசனைப் பொறுப்புக்கும் முதியவர் இறங்கி வரலாம். பதவி இளையவருக்கும், பட்டறிவு நிறுவனத்துக்கும் எஞ்சும். வரம்பில் நின்று வழிகாட்டிய உழவன் அறிந்திருந்த முறை இதுவேயாம்.

இவ்விதழைப் படிக்கும் மாணவருட் சிலர், தம் ஆசிரியர் விலகும் நாளில் உண்டாகும் வெற்றிடத்தை நாளை எதிர்பார்த்து நிற்பர். ஆசிரியருட் சிலர் அந்நாளை எண்ணிக் கலங்குவர். ஒருவர் மற்றவரின் பாதையை மறிக்கின்றார் என்னும் எண்ணம் இருவருக்கும் வேண்டா. ஆசிரியர் நாற்பதாண்டு கற்பித்ததன் பயன் அவர் விட்டுச் செல்லும் ஒரு நாற்காலி மாத்திரமாயின், அக்கல்வியும் நாட்டின் பொருளாதாரமும் தம் கடமையில் தவறினவென்பதே பொருள். புதிய தொழில்களைத் தோற்றுவிக்கவல்ல மாணவர் பலரை அவர் விட்டுச் செல்வராயின், அவர் எந்த வயதில் எழுந்தாலென்ன, எவருக்கும் இடம் குறையாது.